மாடிக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த நம்பர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் அந்த விஜயதசமிக் காலையில் நான் போட்ட சத்தத்துக்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. பயம். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் நான்கு ஃபைல் அனுப்பியாக வேண்டும். அனுப்பினால் எனக்கு வேலை. இல்லாவிட்டால் பட்டியலில் எனக்கு அடுத்து இருக்கிற பெண்ணுக்கு.

என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் இன்ன வியாதி, இன்ன மருந்து என்று வாயால் சொல்லிப் பதிவு செய்துவிடுவார்கள். அந்தக் குரல் இன்டர்நெட் வழியாகக் கோயம்புத்தூர் வந்து சேரும். இங்கே நாம் காதில் மாட்டிக்கொண்டு, கேட்டுக் கேட்டு டைப் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். காலுக்கடியில் தையல் மிஷின் மாதிரி ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும். தொண்ணூறுகளின் கடைசியில் ஊரெல்லாம் இதே பேச்சாக இருந்தது. பீளமேட்டில் ஒரு கம்பெனியில் மூன்று மாதம் சொல்லிக்கொடுத்து, நன்றாகச் செய்தால் வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் அன்னூரில் டைப்ரைட்டிங் ஹையர் முதல் வகுப்பில் பாஸ் செய்தவள் நான். அதற்கப்புறம் பதினாறு வருஷம் என் விரல்கள் புளி கரைத்தன, மாவு பிசைந்தன, பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தன. மறுபடியும் எழுத்தின் மேல் விரல் வைத்த அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வேலை எனக்கு வேண்டும். சும்மா ஆசைக்கு இல்லை, நிஜமாகவே வேண்டும்.

வீடு கணபதியில். கீழே நாங்கள், மாடியில் கொழுந்தனார் குடும்பம். என் வீட்டுக்காரருக்கு லேத் பட்டறை. கொழுந்தனாருக்குத் திருப்பூரில் பனியன் எக்ஸ்போர்ட். வெளிநாட்டுக்குப் பனியன் டிசைன் படம் அனுப்ப வேண்டும் என்று அவர்தான் புது மாதிரி டெலிபோன் லைனும், அதோடு ரூட்டர் என்று ஒரு பெட்டியும் வாங்கிப் போட்டார். சோப்பு டப்பா இரண்டைச் சேர்த்து வைத்த அளவு பெட்டி. மாடிப்படி திரும்பும் இடத்தில் சுவரில் பலகை அடித்து அதை வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு வயர் மேலே போகும், ஒன்று கீழே என் கம்ப்யூட்டருக்கு வரும். ஒரே லைனில் இரண்டு வீடு. சூலூரிலிருந்து ஒருவர் வந்து இரண்டு கம்ப்யூட்டரிலும் ஏதேதோ நம்பர்களைத் தட்டிப் போட்டுவிட்டு, பெட்டியின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, பேனாவால் ஒரு நம்பர் எழுதிவைத்துப் போனார். அது எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இனி வருவது முழுக்க என் புத்திசாலித்தனம்.

கம்பெனியில் சோதனை ஃபைல் எப்போது வேண்டும் என்று கேட்டபோது, விஜயதசமி அன்றைக்குக் கொடுங்கள் என்று நானே கேட்டு வாங்கினேன். புதுசாக எதையும் தொடங்க அதைவிட நல்ல நாள் உண்டா. எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் பட்டறைக்காரர்கள் ஒரு வாரம் முன்னாலேயே மிஷினைக் கழட்ட ஆரம்பித்துவிடுவார்கள். பிரித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, கிரீஸ் வைத்து, பெயின்ட் அடித்து, புது மிஷின் மாதிரி நிறுத்தி அப்புறம்தான் சந்தனம் குங்குமம். என் வீட்டுக்காரர் லேத்தை அப்படிக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. கம்ப்யூட்டரும் மிஷின்தானே. அதையும் சுத்தமாகக் கழுவி, புதுசாக்கி, பூஜையில் வைத்து, மறுநாள் புது வேலையைத் தொடங்கினால் என்ன.

கம்ப்யூட்டரைக் கழுவுவது என்றால் ஃபார்மட் பண்ணுவது என்று காந்திபுரத்துக் கடைக்காரர் சொன்னார். உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதுசாகப் போட்டுக் கொடுத்துவிடுவார்களாம். சரி, செய்யுங்கள் என்றேன்.

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது கொழுந்தனார் சம்சாரம் படியில் நின்றிருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அதிகம் பேசமாட்டாள்.

"ஓடிட்டிருக்கற மோட்டார எதுக்குங்க்கா கழட்டோணும்?" என்றாள்.

"உன்ற மிஷின்ல ஒட்டடைதான் தொங்குது. அதத் தொடைக்கற வழியப் பாரு கண்ணு," என்று சொல்லிவிட்டுப் போனேன். கண்ணு என்று சொன்னால் மட்டும் சொல்லில் இருக்கிற முள் போய்விடுமா. அவள் மேலே ஏறிவிட்டாள்.

பூஜைக்கு முந்தின நாள் பொழுதோடு கம்ப்யூட்டர் திரும்பி வந்தது. பெடலுக்கான சிடியை நானே போட்டுப் பார்த்தேன். பெடல் வேலை செய்தது. இன்டர்நெட் வருகிறதா என்று பார்க்கத் தோன்றவே இல்லை. லைன் என்ன வீட்டை விட்டு ஓடியா போய்விடும் என்ற நினைப்பு. மறுநாள் காலையில் சோப்புத் தண்ணீரும் மஞ்சள் துணியுமாக உட்கார்ந்து மானிட்டர், கீபோர்டு, பெடல் எல்லாவற்றையும் துடைத்தேன். பட்டைபட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம், பொரிகடலை, சுண்டல், மாவிலை. பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் காலை எடுக்கும்வரை ஆயுதத்தைத் தொடக்கூடாது. நான் தொடவில்லை. சாஸ்திரத்தை அப்படிக் காப்பாற்றினேன்.

விஜயதசமி அன்று ஆறரைக்கெல்லாம் கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன். புத்தம் புதுசாகத்தான் எழுந்தது. இன்டர்நெட்டைத் தட்டினால் ஒன்றும் வரவில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினேன். அணைத்துப் போட்டேன். பக்கம் கிடைக்கவில்லை என்று அதே வாக்கியம். என் ஃபைல் நான்கும் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கின்றன, எனக்கும் அவற்றுக்கும் நடுவில் கதவு சாத்தியிருக்கிறது.

என் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். சூலூர்க்காரர் நம்பர் தட்டியபோது பக்கத்தில் நின்றவர் அவர்.

"ஏ புள்ள, அன்னைக்கு அவரு இதுக்குள்ளாற நம்பர் போட்டாருல்ல. ஃபார்மட் பண்ணுனதுல அது போயிருக்கும். பொட்டி மேல எழுதி ஒட்டியிருக்காரு, பாத்துப் போட்டுக்கலாம் இரு," என்றார்.

போய்ப் பார்த்தோம். பெட்டியின் மேல் வெள்ளைத் தாள் இருந்த இடத்தில் ஈரம் காய்ந்த பிசுக்கும், அதன் மேல் மூன்று பட்டை சந்தனமும் இருந்தன. நகத்தால் சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் நீலமாகக் கலங்கிய ஒரு கறை. ஒரு எண் கூட நிற்கவில்லை.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. படியில் நின்று மேலே பார்த்துக் கத்தினேன். "பொட்டியத் தொடச்சது ஆரு? எழுதி வெச்ச நம்பரக் கழுவி ஊத்திப்போட்டு ஒரு வார்த்த சொல்ல வேண்டாமா? படிச்ச புள்ளைனு பேரு." மேலே குக்கர் சத்தம் மட்டும் கேட்டது. அவள் வந்து எட்டிப் பார்த்தாள், என்னையே ஒரு நிமிஷம் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

எட்டு மணிக்கு என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சூலூருக்குக் கிளம்பினார். நான் மெனக்கெட்டு கிராஸ்கட் ரோடு வரை ஆட்டோவில் போய், பிரௌசிங் சென்டர் திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். வாழைக்கன்று கட்டி, ஷட்டரில் சந்தனம் தெளித்துச் சாத்தியிருந்தது. ஊரே கும்பிட்டுவிட்டுப் படுத்திருந்தது. அமெரிக்காவில் ஏது ஆயுத பூஜை.

வீட்டுக்கு வந்து, கம்பெனியில் சொல்லிக்கொடுத்தபோது காதில் விழுந்த நம்பர்களை எல்லாம் போட்டுப் பார்த்தேன். கடைசி எண்ணை ஒன்று, பத்து, நூறு என்று மாற்றி மாற்றிப் போட்டேன். ராங் நம்பருக்குப் போன் பண்ணுகிற மாதிரிதான். மஞ்சள் துணி காயட்டும் என்று ஜன்னல் கம்பியில் போட்டிருந்தேன். நம்பர் தோன்றாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. துணியின் ஒரு மூலையில் நீல மை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தின நாள் எல்லாவற்றையும் துடைத்து முடித்தபின் துணியில் கொஞ்சம் ஈரம் மிச்சம் இருந்தது. பாவம் இதையும் விடுவானேன் என்று படியேறிப் போய் அந்தப் பெட்டியையும் அழுத்தித் தேய்த்தது நான். பட்டை போட்டது நான். என் கை. யாரைத் திட்டினேனோ அவள் அந்தப் பெட்டிப் பக்கமே வரவில்லை. உடம்பெல்லாம் கூசிப்போயிற்று எனக்கு.

கூசினால் வேலை நடக்குமா. ஒன்பதரைக்குக் கம்பெனியில் எங்கள் டீமைப் பார்த்துக்கொள்ளும் மேடத்துக்குப் போன் போட்டேன். அவர்களுக்கு லீவு கிடையாது. அழுகையை அடக்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். துணி விஷயத்தைச் சொல்லவில்லை.

மேடம் சிரிக்கவில்லை. "பெட்டி மேல எழுதினது போனாப் போகட்டுங்க. பெட்டியோட நம்பர் பெட்டிக்கு மட்டுமா தெரியும்? அது வழியா தினமும் வெளிய போற கம்ப்யூட்டர் எதுவோ, அதுக்குந் தெரியும். ஊட்டுல லைன் வர்ற மிஷின் வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?"

நான் அண்ணாந்து மாடியைப் பார்த்தேன். "இருக்குதுங்க. ஒசக்க இருக்குது."

"அதுல ஸ்டார்ட் அழுத்தி, ரன்னுனு ஒண்ணு வரும், அதுல நான் சொல்ற எட்டு எழுத்த அடிங்க. ஒரு சின்ன ஜன்னல் தொறக்கும். டிஃபால்ட் கேட்வேனு ஒரு வரி இருக்கும் பாருங்க. அதுக்கு நேரா இருக்கறதுதான் உங்க பெட்டியோட நம்பர்." ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். காலண்டர் தாளைக் கிழித்து எழுதிக்கொண்டேன்.

எழுதியாகிவிட்டது. இனி மேலே போக வேண்டும்.

எங்கள் மாடிப்படி பதினான்கு படி. எனக்கு ஏதாவது வேண்டும் என்றால் கீழே நின்று கூப்பிடுவேன், அவள் இறங்கி வருவாள். மூத்த மருமகள் என்ற எண்ணம். அன்றைக்குக் கூப்பிட வாய் வரவில்லை. ஏறினேன்.

கொழுந்தனார் கம்பெனியில் சாமி கும்பிடத் திருப்பூர் போயிருந்தார். அவள் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்க்கா. உக்காருங்க."

"உன்ற மிஷின்ல லைன் வருதா கண்ணு?"

"வருதுங்க்கா. காத்தால இருந்தே வருது."

காலையிலிருந்தே வருகிறதாம். அங்கே என் வீட்டுக்காரர் சூலூரில் அலைந்துகொண்டிருக்கிறார். சண்டைக்கு வாய் திறந்துவிட்டேன். அப்புறம் மூடிக்கொண்டேன். திறந்த வாயில் வேறொன்றைச் சொல்ல வேண்டியிருந்தது.

"பொட்டியத் தொடச்சது நாந்தான்."

"தெரியுங்க்கா. நீங்க தேய்க்கறப்ப நான் இக்கட்ட, படி மேலதான் நின்னுட்டிருந்தேன்."

"அப்பறம் ஏன் நான் அந்தக் கத்து கத்தறப்ப ஒரு வார்த்த சொல்லல?"

"நல்ல நாளும் அதுவுமா எதுக்குங்க்கா சண்டைனு உட்டுப்போட்டேன்," என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "கோவமாவும் இருந்துச்சுங்க," என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு மனசு லேசானது. "தப்பு என்ற மேலதான் கண்ணு. மனசுல வெச்சுக்காத," என்றேன். பதினோரு வருஷத்தில் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே கிடையாது. அவள் கம்ப்யூட்டரின் மேல் கிடந்த துண்டை எடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். மானிட்டர் பளபளவென்றிருந்தது. ஒட்டடையும் இல்லை ஒன்றும் இல்லை.

எட்டு எழுத்தை அடித்தோம். ஜன்னல் திறந்தது. டிஃபால்ட் கேட்வே வரியும் இருந்தது. அதற்கு நேராக வெறும் இடம். மற்ற இடத்தில் எல்லாம் சைபர். அவள் பதறவில்லை. மேலே ஒரு பட்டையில் சின்ன அம்புக்குறி இருந்ததைக் காட்டினாள். "இது பழைய மோடமுங்க்கா. கீழ இன்னொண்ணு இருக்குது பாருங்க," என்று அதைத் தட்டி, ரூட்டர் வயர் செருகியிருக்கும் நெட்வொர்க் கார்டைத் தேர்ந்தெடுத்தாள். சைபரெல்லாம் போய் நம்பர் வந்து உட்கார்ந்தது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு, ஐம்பது, இருநூற்று ஐம்பத்து நான்கு. இதையா நான் ஒன்று, பத்து, நூறு என்று குருட்டாம்போக்கில் பிடிக்கப் பார்த்தேன்.

எல்லா நம்பரையும் எழுதிக்கொண்டு ஓடினேன். போட்டேன். உடனே கம்ப்யூட்டர் ஒரு மஞ்சள் முக்கோணத்தைக் காட்டிக் கத்தியது. மேலே அவளுக்கும் அதே மாதிரி வந்திருக்கிறது. படியில் வந்து நின்று கேட்டாள்.

"ஏனுங்க்கா, என்ற மிஷினோட நம்பரையும் அப்படியே உங்குளுதுக்குப் போட்டுட்டீங்களா? ரெண்டு ஊட்டுக்கு ஒரே கதவு நம்பர் எப்படீங்க? உங்குளுதுக்குக் கடைசி எண்ணை மட்டும் மாத்துங்க. பொட்டியோடத மாத்தாதீங்க."

மாற்றினேன். ஒரு தடவை அணைத்துப் போட்டேன். லைன் வந்தது. நான்கு ஃபைலும் வந்தன. பத்தே முக்கால்.

ஒரு மணிக்கு என் வீட்டுக்காரர் திரும்பினார். சூலூர்க்காரர் தன் குழந்தைக்கு அரிச்சுவடி எழுதவைக்க அவிநாசி கோயிலுக்குப் போயிருந்தாராம். இவரும் அவிநாசி போய்க் கூட்டத்தில் தேடித் தேடி, ஆளைக் காணாமல் திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார். நம்பர் எங்கே கிடைத்தது என்று சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "வெண்ணெயக் கையில வெச்சுட்டு என்னைய நெய்க்கு அலைய உட்டுட்ட போ," என்று சாப்பிட உட்கார்ந்தார். நீங்களே போட்டுக்குங்க என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தேன்.

மூன்று ஃபைல் முடிந்தது. நான்காவதில் ஒரு வயசான டாக்டர். வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டே பேசினார். மருந்துப் பெயர்களை ஒரே மூச்சில் கடகடவென்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். புரியாத இடத்தில் கோடு போட்டு விடலாம், ஆனால் ஒரு ஃபைலுக்கு இரண்டு கோடுதான். எனக்கு ஆறு விழுந்தது. நான்கு மணி. பத்துத் தடவை மிதித்தும் அது மருந்தா வியாதியா என்றே தெரியவில்லை. டீ கொண்டுவந்து வைத்த அவள் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒருக்கா கேக்கட்டுங்களா?" என்றாள்.

ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "இது பிரஷர் மாத்தரைங்க்கா. அடுத்தது நீர் போறதுக்கு. மூணாவது கொழுப்புக்கு," என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுத்துக் கூட்டினாள். ஆறு கோடும் நிரம்பியது. கம்பெனியில் கொடுத்த மருந்துப் புத்தகத்தில் பார்த்தால் அத்தனையும் சரி.

அவள் டி.பார்ம் படித்தவள். பெண் பார்க்கப் போனபோது, எங்கள் வீட்டில் வேலைக்கு அனுப்புகிற பழக்கம் இல்லை என்று அவள் அம்மாவிடம் சொன்ன வாய் என்னுடையது. மாமியார் சொல்லச் சொன்னார், நான் சொன்னேன். அந்த வாயோடுதான் அன்றைக்கு அவள் கொண்டுவந்த டீயைக் குடித்தேன். வெட்கமாக இருந்தது. நாலே முக்காலுக்கு நான்கு ஃபைலையும் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு மேடம் போன் பண்ணினார். வேலை எனக்குத்தான் என்றார். அப்புறம் கேட்டார்.

"நாலாவது ஃபைல்ல மருந்துப் பேர் ஒண்ணு விடாமப் புடிச்சிருக்கீங்க. எங்க சீனியருங்களே அந்த டாக்டர்னா கும்புடு போட்டுட்டு ஓடிப்போவாங்க. எப்படீங்க புடிச்சீங்க?"

பழகிடுச்சுங்க என்று சொல்லிவிட்டிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது. கிடைத்த வேலை ஒரு நிமிஷம் கூட ஆகாமல் கையை விட்டுப் போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது.

"நானில்லீங்க மேடம். எங்க ஓரகத்திங்க. கொழுந்தனார் சம்சாரம். டி.பார்ம் முடிச்சுட்டு ஊட்டுல இருக்குது."

அந்தப் பக்கம் மேடம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"உங்க வேலை உங்களுக்குத்தாங்க. அதுல மாத்தமில்ல. திங்கக்கிழமை வர்றப்ப அவங்களையும் கூட்டிட்டு வந்துருங்க. மருந்து தெரிஞ்ச ஆளுக்குத்தான் நாங்க அலையறோம்."

போனை வைத்துவிட்டு, முட்டி வலியைப் பார்க்காமல் இரண்டிரண்டு படியாக ஏறினேன். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். மாமியாரிடமும் கொழுந்தனாரிடமும் நானே பேசிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அவள் சிரிப்பாள், அல்லது அழுவாள், இல்லாவிட்டால் வேண்டாம் என்றாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் அவரைக்காய்த் தட்டைத் தள்ளிவைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"திங்கக்கிழமை எத்தன மணிக்குங்க்கா கெளம்போணும்?" என்றாள்.